பி.சி.ஜி. ஊசிப் புண் ஆறவில்லையா? எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

"சிஸ்டர், ஊசி பழுத்துப்போச்சு. புண்ணு ஆறவே மாட்டேங்குது. பவுடர் போட்டும் கேக்கல."

கடலூர் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போடும் வேலையில் பல வருடம் இருந்தவள் நான். தடுப்பூசி நாளான புதன்கிழமைகளில் இந்தப் பேச்சைக் கேட்காமல் வீடு திரும்பியது குறைவு. இப்படி வருகிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்களின் புண் ஒழுங்காகத்தான் ஆறிக்கொண்டிருக்கும். அதன்மேல் தடவியதுதான் தொல்லை கொடுத்திருக்கும். ஆனால் உண்மையிலேயே டாக்டர் பார்க்க வேண்டிய பிள்ளையும் அதே வரிசையில்தான் உட்கார்ந்திருக்கும். வீட்டிலேயே இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியும். உங்கள் பிள்ளைக்குப் பொருந்துகிற தலைப்புக்கு நேராகப் போகலாம், ஆனால் முதல் இரண்டு பகுதிகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

முதலில் அட்டையை எடுங்கள்: எந்த ஊசி, எந்தத் தேதி

பிறந்ததும் இடது மேல்கையில் போடுவது பி.சி.ஜி. என்ற டிபி (காசநோய்) தடுப்பூசி. கூடவே தொடையில் ஹெபடைடிஸ் பி ஊசி, வாயில் போலியோ சொட்டு. பிறகு 6, 10, 14 வாரங்களில் இடது தொடையில், ஐந்து நோய்களைத் தடுக்கும் பெண்டாவேலன்ட். 6, 14 வாரங்களில் வலது மேல்கையில் போலியோ ஊசியும், வலது தொடையில் நிமோனியா தடுப்பூசியும் உண்டு. இவற்றில் கொப்புளமாகி, உடைந்து, புண்ணாகி, தழும்பு விடுவது பி.சி.ஜி. ஒன்றுதான். அதற்கு உரிய இடம் இடது மேல்கை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பி.சி.ஜி. கொப்புளம் நன்றாகப் பழுக்கிற நேரமும் 6 வார ஊசி போடுகிற நேரமும் ஒன்றாக வந்துவிடுகின்றன. வீட்டில் பெரியவர்கள் "நேத்து போட்ட ஊசிதான் பழுத்துப்போச்சு" என்று முடிவு கட்டி, அடுத்த ஊசியே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். நேற்றைய ஊசிகள் தொடையிலும் வலது கையிலும் போட்டவை. இடது கையில் பழுத்திருப்பது பிறந்தபோது போட்டது.

ஜிப்மரிலோ, புதுச்சேரி எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி மகளிர் குழந்தைகள் மருத்துவமனையிலோ பிரசவம் ஆகி, முள்ளோடை தாண்டி கடலூர் பக்கம் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறீர்களா? பி.சி.ஜி. தேதி டிஸ்சார்ஜ் சீட்டில் மட்டும் இருக்கலாம். அதைத் தேடி எடுத்து அட்டையில் ஏற்றச் சொல்லுங்கள். கீழே சொல்லும் எல்லாமே அந்தத் தேதியிலிருந்து எத்தனை வாரம் என்பதை வைத்துத்தான்.

ஏன் இவ்வளவு மெதுவாக ஆறுகிறது

பி.சி.ஜி. உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசி. மாட்டுக்கு டிபி உண்டாக்கும் கிருமியைப் பிரான்சின் லீல் நகரில் கால்மெட், கெரான் என்ற இருவர் 1908 முதல் 13 வருடம் திரும்பத் திரும்ப வளர்த்து, நோய் உண்டாக்க முடியாத அளவுக்குப் பலவீனப்படுத்தினார்கள். 1921-ல் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். நம் நாட்டில் 1948-லேயே சென்னை கிண்டியில் இதைத் தயாரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

சாதாரணச் சீழ்க் கிருமி அரைமணிக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகும். டிபி குடும்பத்துக் கிருமி ஒருமுறை பெருகவே கிட்டத்தட்ட ஒரு நாள் எடுக்கும். அதனால் அதற்கு உடம்பு காட்டும் எதிர்ப்பும் மெதுவாகத்தான் கிளம்பும், மெதுவாகத்தான் அடங்கும். அந்தச் சண்டை நடக்கிற இடம்தான் கையில் தெரியும் புண். பிள்ளைகளை மூளைக்காய்ச்சல் வகை டிபியிலிருந்தும், உடம்பு முழுக்கப் பரவும் டிபியிலிருந்தும் காப்பாற்றுவதற்காக இந்த ஊசியைப் போடுகிறோம்.

ஒழுங்காகப் போகும் பி.சி.ஜி. இப்படி இருக்கும். போட்டவுடன் தோலில் சின்னதாக ஒரு வெள்ளைத் தடிப்பு எழும்பி, அரைமணி நேரத்தில் அமுங்கிவிடும். இரண்டு, மூன்று வாரம் எதுவும் தெரியாது. அப்புறம் சிவப்பாக ஒரு பரு. 5, 6 வாரத்தில் அது 4 முதல் 8 மில்லிமீட்டர் வரை வளரும். சிலருக்கு அப்படியே அமுங்கும், பலருக்கு மேலே மஞ்சளாகி உடையும். பக்கு கட்டும், விழும், மறுபடி கட்டும். 6 முதல் 12 வாரத்துக்குள் பெரும்பாலும் ஆறி, சின்னத் தழும்பு நிற்கும். சில பிள்ளைகளுக்கு இன்னும் சில வாரம் கூடுதலாகும்.

ஆயாக்களுக்கு இது ஒப்பாது. அவர்கள் நினைவில் இருப்பது அந்தக் காலத்து அம்மை ஊசி. அது ஒரு வாரத்தில் பொங்கி, மூன்று வாரத்தில் பக்கு உதிர்ந்துவிடும். அந்தக் கணக்கை பி.சி.ஜி.க்குப் போட்டால் எல்லாப் பிள்ளைக்கும் புண் ஆறாததாகத்தான் தெரியும். அது வேறு கிருமி, வேறு வேகம் என்று பொறுமையாகச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்வார்கள்.

ஊசி போட்ட 2, 3 நாளிலேயே சிவந்து வீங்கிவிட்டது

இந்தக் கிருமி இவ்வளவு சீக்கிரம் வேலை காட்டாது. அதனால் வேறு காரணம் தேட வேண்டும். தொட்டால் சூடாக இருக்கிறது, பிள்ளை வீரிட்டு அழுகிறது, சிவப்பு பரவுகிறது என்றால் வேறு கிருமி தொற்றியிருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் யாருக்காவது டிபி இருந்து, பிள்ளைக்கு அந்தக் கிருமி ஏற்கெனவே பட்டிருந்தால், ஊசி போட்ட இடம் வழக்கத்தைவிட வேகமாகத் தடிக்கும். தாத்தாவுக்குப் பல வாரமாக இருமல், அம்மாவுக்குப் பிரசவத்துக்கு முன் டிபி மாத்திரை என்று ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஊசி இடத்தைவிட அந்தச் செய்திதான் டாக்டருக்கு முக்கியம்.

ஒரு மாதம் கழித்துக் கொப்புளம் வந்து மஞ்சளாகப் பழுத்திருக்கிறது

நேரம் சரி, இடம் சரி. பிள்ளை பால் குடிக்கிறது, காய்ச்சல் இல்லை, கொப்புளம் ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கிறது என்றால் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. பிதுக்காதீர்கள். ஊசி முனையால் குத்தி விடாதீர்கள். உள்ளே இருப்பது வழக்கமான சீழ்க் கட்டி கிடையாது. பிதுக்கினால் கிருமி ஆழமாகப் போகும், புண் அகலமாகும், ஆறுவது இன்னும் தள்ளிப்போகும்.

உடைந்து கசிகிறது, பக்கு விழுந்து மறுபடி கசிகிறது

அதிகம் பயப்படுவது இதற்குத்தான், அதிகம் கெடுப்பதும் இதைத்தான். ஒரு பிள்ளையின் கையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மேலே வெள்ளைப் பவுடர் கெட்டியாகக் காய்ந்து ஓடு போல நிற்கிறது. வெந்நீரில் நனைத்த துணியை வைத்து மெல்ல ஊறவிட்டால் பவுடருக்குக் கீழே மஞ்சள். அதற்கும் கீழே திருநீறு. ஓரத்தில் தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கு. எல்லாம் வந்த பிறகு அடியில் இருந்தது, மிளகைவிடக் கொஞ்சம் பெரிய, சுத்தமாக ஆறிக்கொண்டிருந்த புண். அந்த ஓட்டுக்குள் கசிவு வெளியேற வழியில்லாமல் தேங்கி, சுற்றிலும் தோல் ஊறிப்போயிருந்தது. புண்ணைவிட அதுதான் பெரிதாகத் தெரிந்தது.

எனவே புண்மேல் எதுவும் போட வேண்டாம். நெபசல்ஃப், நியோஸ்போரின், சோஃப்ராமைசின், பெட்டாடின், டெட்டால் எதுவும் வேண்டாம். மஞ்சள், வேப்பிலை அரைப்பு, விளக்கெண்ணெய், சுண்ணாம்பு, காபித்தூள், தாய்ப்பால் இவையும் வேண்டாம். தாய்ப்பால் பிள்ளையின் வயிற்றுக்குப் போகட்டும். மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாடிக் சிரப் வாங்கிக் கொடுப்பதும் இதில் சேர்த்திதான். அந்த மருந்து இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது, வயிற்றுப்போக்கை மட்டும் கொடுக்கும்.

தினமும் குளிப்பாட்டலாம். புண்மேல் தண்ணீர் படலாம், பிள்ளை சோப்பு நுரை வழிந்து போனாலும் தவறில்லை. தேய்க்க மட்டும் கூடாது. குளிப்பாட்ட ஆயா வருகிறார்கள் என்றால் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: எண்ணெய் தேய்த்து உருவும்போது இடது மேல்கையை விட்டுவிட வேண்டும். குளித்த பிறகு சுத்தமான மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள். சாம்பிராணிப் புகையைப் புண்ணுக்கு நேராகக் காட்ட வேண்டாம். பிள்ளையின் மூச்சுக்கும் அந்தப் புகை நல்லதில்லை.

கசிவு அதிகமாக இருக்கும் நாளில் கொதித்து ஆறிய தண்ணீரில் காஸ் துணியை நனைத்து ஒற்றி எடுங்கள். பஞ்சு வேண்டாம், அதன் நூல் புண்ணில் ஒட்டிக்கொள்ளும். சட்டை புண்ணோடு ஒட்டிக் காய்ந்திருந்தால் இழுக்காதீர்கள். அதே தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊறவைத்தால் தானாக விடும். கையை இறுக்கும் எலாஸ்டிக் வைத்த சட்டை இந்த மூன்று மாதத்துக்கு வேண்டாம். துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய வேட்டித் துணியில் கை இல்லாமல் தைத்த சட்டை போதும். கத்திரி வெயிலில் கடலோர வேர்வைக்கு அதுதான் பிள்ளைக்கும் சுகம்.

கட்டுப் போடலாமா என்று கேட்பார்கள். பிளாஸ்டர் ஒட்டி மூடக் கூடாது, காற்றுப் புகாமல் ஈரம் தேங்கும். ஈ மொய்க்கிற இடமாக இருந்தால், குறிப்பாகக் கருவாடு காயவைக்கும் தெருக்களில், வெளியே தூக்கிப் போகும்போது மட்டும் காஸ் துணியைத் தளர்வாக மேலே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள். மழையில் தெருத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து புண் நனைந்துவிட்டால் சுத்தமான தண்ணீரால் உடனே அலசி, ஒற்றி எடுங்கள். அதன்பிறகு இரண்டு மூன்று நாள் சிவப்பு பரவுகிறதா என்று கவனியுங்கள்.

அந்தக் கசிவில் உயிருள்ள கிருமி இருக்கும். தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பயன்படுத்திய காஸை மடித்துக் கவரில் போட்டுக் குப்பையில் சேருங்கள். பிள்ளை பக்கத்தில் படுத்தால் டிபி ஒட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் இல்லை. அண்ணன் அக்கா தாராளமாகக் கொஞ்சலாம். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருப்பவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் மட்டும் புண்ணைச் சுத்தம் செய்யும் வேலையை வேறு ஆளிடம் விட்டுவிட வேண்டும்.

பி.சி.ஜி. புண் பிள்ளைக்கு அவ்வளவாக வலிப்பதில்லை. அதனால் இதற்காகப் பாராசிட்டமால் சொட்டு கொடுக்க வேண்டியதில்லை. தொட்டாலே பிள்ளை துடிக்கிறது, சுற்றிலும் சிவப்பு பரவுகிறது, சூடாக இருக்கிறது, கெட்ட வாடை வருகிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றால் புண்ணில் வேறு கிருமி சேர்ந்திருக்கலாம். அதற்கு மருந்து உண்டு, ஆனால் எது, எவ்வளவு என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

புண் பெரிதாகிக்கொண்டே போகிறது, அல்லது நான்கு மாதமாகியும் மூடவில்லை

கண்ணால் பார்த்து "நேத்தைவிடப் பெரிசா இருக்கு" என்று சொல்வது ஏமாற்றும். வாரம் ஒருமுறை, அதே நாளில், பிள்ளையின் கைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, பகல் வெளிச்சத்தில் போனில் படம் எடுங்கள். நான்கு படத்தை வரிசையாகப் பார்த்தால் புண் சுருங்குகிறதா விரிகிறதா என்பது யாருக்கும் புரியும். பக்கு விழுந்த நாளில் புண் பெரிதாகத்தான் தெரியும். அடுத்த வாரப் படத்தோடு ஒப்பிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

ஒரு சென்டிமீட்டரைத் தாண்டி வளர்கிறது, ஓரம் உள்பக்கமாகக் குடைந்து போகிறது, அடியில் கட்டியாகத் திரண்டிருக்கிறது, நான்கு மாதம் முடிந்தும் வாய் திறந்தே இருக்கிறது என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். இந்த ஊசியைத் தோலின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே போட வேண்டும். ஒரு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு அளவு வெறும் 0.05 மில்லி. பிள்ளை நெளியும்போது மருந்து தோலுக்குக் கீழே இறங்கிவிட்டால் ஆழமான கட்டி வரலாம். பெரும்பாலும் அதுவும் நாளாகி ஆறிவிடும், ஆனால் டாக்டரின் கண் அதன்மேல் இருக்க வேண்டும். ஊசி போட்ட இடத்திலும் தகவல் சொல்லுங்கள். தடுப்பூசிக்குப் பின் வரும் இப்படிப்பட்ட பாதிப்புகளைப் பதிவு செய்ய அரசில் முறை இருக்கிறது. யாரையும் மாட்டிவிடுவதாக நினைக்க வேண்டாம். அதே இடத்தில் இன்னும் பிள்ளைகளுக்கு இப்படி வந்தால் காரணத்தைப் பிடிக்க அந்தப் பதிவு உதவும்.

இடது அக்குளில் நெறி கட்டியிருக்கிறது

கையில் இருக்கும் புண்ணையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அக்குளை யாரும் பார்ப்பதில்லை. எனக்கோ, புண்ணைவிட அக்குள்தான் முக்கியம். பி.சி.ஜி. கிருமி கையிலிருந்து முதலில் போய்ச் சேருகிற இடம் அந்தப் பக்கத்து நெறிதான்.

பார்ப்பதற்கு நல்ல நேரம், பிள்ளை பால் குடித்து அசந்து கிடக்கும்போது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, சூடு வரத் தேய்த்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் இடது கையை மெல்ல மேலே தூக்கி, உங்கள் இரண்டு விரல்களின் சதைப்பகுதியை அக்குள் குழியில் வைத்து, பிறகு பிள்ளையின் கையைக் கீழே இறக்கிவிடுங்கள். தோல் தளர்ந்து, உள்ளே இருப்பது விரலில் தட்டுப்படும். அழுத்த வேண்டாம், விரலை வட்டமாக மெதுவாக நகர்த்தினால் போதும். இதேபோல வலது அக்குளையும் பார்த்தால் வித்தியாசம் தெரியும். இடது கழுத்தடியையும் காரை எலும்புக்கு மேலேயும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள், அங்கேயும் சில பிள்ளைகளுக்கு நெறி கட்டும். வாரம் ஒருமுறை படம் எடுக்கும் அன்றைக்கே இதையும் செய்துவிடலாம். தினமும் தடவிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கொண்டைக்கடலை அளவில் ஒன்று தட்டுப்படுகிறது, விரலுக்கு நழுவுகிறது, மேல்தோல் சாதாரண நிறத்தில் இருக்கிறது, பிள்ளைக்கு வலி இல்லை என்றால் அது ஊசிக்கு உடம்பு காட்டும் எதிர்வினைதான். அடுத்த ஊசிக்குப் போகும்போது சொல்லிவையுங்கள். பல மாதம் இருந்துவிட்டுத் தானாகக் கரையும். கரைப்பதற்கென்று மாத்திரை கிடையாது. சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பற்றுப் போட்டால் பிஞ்சுத் தோல் வெந்துபோவதுதான் மிச்சம்.

ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டுகிறது, அல்லது வாரத்துக்கு வாரம் பெருக்கிறது என்றால் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். மேல்தோல் சிவந்து, பளபளவென்று மெலிந்து, தொட்டால் உள்ளே தண்ணீர் தளும்புவது போல மெத்தென்று இருந்தால் நெறி சீழ் பிடித்துவிட்டது. இது பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள் வரும். இரண்டொரு நாளுக்குள் போய்விடுங்கள், தானாக உடையட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தானாக உடைந்தால் அங்கே ஒரு துளை விழுந்து, மாதக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைப் பெற்றோர் தெரிந்துவைத்திருப்பது நல்லது. சாதாரணக் கட்டிக்குச் செய்வது போல இதைக் கத்தியால் கீறித் திறக்கக் கூடாது. கீறினால் அந்த வாய் மூடாமல் நிற்கும். பக்கவாட்டில் நல்ல தோல் வழியாக ஊசியைச் செலுத்திச் சீழை உறிஞ்சி எடுப்பார்கள். சில நேரம் இரண்டாவது முறையும் எடுக்க வேண்டியிருக்கும். அதிலும் அடங்காவிட்டால் நெறியையே அறுவை சிகிச்சையில் எடுப்பார்கள். அவசரமாக யாராவது "சின்னதா கீறி விட்டுடலாம்" என்று சொன்னால், "ஐயா, இது பி.சி.ஜி. போட்ட பக்கம், பிள்ளைகள் சர்ஜனிடம் காட்டிவிட்டு வருகிறோம்" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

அதேபோல, "டிபி கிருமிதானே, டிபி மாத்திரை கொடுத்தால் என்ன" என்ற கேள்வியும் வரும். அக்குளில் மட்டும் நெறி கட்டியிருக்கும் நலமான பிள்ளைக்கு டிபி மாத்திரையால் நெறி சீக்கிரம் கரைவதாகவோ, சீழ் பிடிக்காமல் தடுப்பதாகவோ தெரியவில்லை. டிபி மருந்துகளில் ஒன்றான பைராசினமைடு இந்தக் கிருமிக்கு வேலையே செய்யாது. பிள்ளைக்கு டிபி நோய் வந்துவிட்டது என்றும் இதற்கு அர்த்தமில்லை. மாத்திரை எழுதவில்லை என்பதற்காக டாக்டர் கவனிக்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

புண்ணும் இருக்கிறது, பிள்ளையும் சரியில்லை

இந்தத் தலைப்பில் இருக்கும் எது பொருந்தினாலும் வாரக்கணக்கு, அளவுக்கணக்கு எதையும் பார்க்காதீர்கள்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 100.4 டிகிரி அல்லது அதற்குமேல் காய்ச்சல் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலும், மூச்சு வாங்கினாலும் அப்படியே, இரவானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மெதுவாக வரும் அறிகுறிகளும் உண்டு, அவை கண்ணில் படாமல் நழுவும். எடை ஏறவில்லை. வாயில் வெள்ளை படிந்து, மருந்து போட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. சளி, நிமோனியா, வயிற்றுப்போக்கு என்று பிறந்ததிலிருந்து ஆஸ்பத்திரியும் வீடுமாகவே இருக்கிறது. இரண்டு அக்குளிலும், தொடை இடுக்கிலும் நெறி. வயிறு பெருத்திருக்கிறது. இவற்றோடு ஊசிப் புண்ணும் ஆறாமல் விரிந்துகொண்டே போனால், பிள்ளையின் எதிர்ப்புச் சக்தியிலேயே பிறவிக் குறை இருக்கலாம். எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்த பிள்ளைக்குத்தான் பெரும்பாலும் இந்தப் பலவீனமான கிருமி உடம்பெங்கும் பரவும். மிக அரிது, ஆனால் வந்தால் உயிருக்கு ஆபத்து. அப்போது டிபி மருந்தும், பெரிய மருத்துவமனைக் கவனிப்பும் உடனே வேண்டும்.

இதில் டாக்டர் கேட்பதற்கு முன்பே நீங்கள் சொல்ல வேண்டியவை இரண்டு. ஒன்று, சொந்தத்தில் கல்யாணமா என்பது. நம் பக்கம் தாய்மாமன், அத்தை மகன் என்று கட்டுவது சாதாரணம், அதைச் சொல்ல யாரும் கூச வேண்டியதில்லை. பிறவி எதிர்ப்புச் சக்திக் குறைகளில் பல, சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளுக்கு வர வாய்ப்பு அதிகம். இரண்டு, இதற்கு முன் பிறந்த பிள்ளையோ, அம்மா வழியில் ஆண் குழந்தை யாராவதோ கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்திருக்கிறதா என்பது. மனதுக்குக் கஷ்டமான பேச்சுதான். ஆனால் அந்த ஒரு தகவல் சரியான ரத்தப் பரிசோதனைக்கு டாக்டரைச் சீக்கிரம் கொண்டுபோகும். முடிவு தெரியும்வரை ரோட்டா, போலியோ சொட்டு போன்ற உயிருள்ள மருந்துகளைக் கொடுக்கலாமா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறிப்போன தழும்பு திடீரென்று சிவந்து தடிக்கிறது

மாதங்கள் கழித்து இது நடந்து, கூடவே விடாத காய்ச்சலும் இருந்தால் அலட்சியமாக விடாதீர்கள். கண் சிவப்பு, உதடு சிவந்து வெடிப்பு, நாக்கு சிவப்பு, உடம்பில் தடிப்பு, கை கால் வீக்கம் இவற்றில் சில சேர்ந்திருந்தால் கவாசாகி என்ற நோயாக இருக்கலாம். அது இதய ரத்தக் குழாயைப் பாதிக்கக்கூடியது. காய்ச்சல் தொடங்கி 10 நாளுக்குள் சிகிச்சை கிடைத்தால் இதயத்தைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். டாக்டரிடம் போகும்போது சட்டையைக் கழற்றி அந்தத் தழும்பைக் காட்டுங்கள். காய்ச்சலுக்கு வந்த பிள்ளையின் கையை எல்லோரும் பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாது.

தழும்பே விழவில்லை

மறுபடி போட வேண்டாம். அட்டையில் பி.சி.ஜி. பதிவாகியிருந்தால் போதும். தழும்பு இல்லாததால் ஊசி வேலை செய்யவில்லை என்று ஆகாது. தழும்பில்லாத பிள்ளைக்குத் திரும்பப் போடத் தேவையில்லை என்பதுதான் நம் அரசின் தடுப்பூசி நெறிமுறை. உலக சுகாதார நிறுவனமும் அதையே சொல்கிறது.

தழும்பு தடித்து எழும்புகிறது

அரிப்போடு மேடாக வளர்ந்தால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். தேய்த்துக் கரைக்கப் பார்க்காதீர்கள், தேய்க்கத் தேய்க்கத்தான் வளரும்.

கட்டி கையில் இல்லை, தொடையில் இருக்கிறது

இடது தொடையானால் அது பெண்டாவேலன்ட் போட்ட இடம், வலது தொடையானால் நிமோனியா தடுப்பூசி போட்ட இடம். சதைக்குள் சின்னக் கட்டி போல நின்று, சில வாரத்தில் கரையும். முதல் நாள் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை வைக்கலாம். சூடு ஒத்தடம், எண்ணெய் போட்டு உருவுதல் வேண்டாம். சிவந்து, சூடாகி, மெத்தென்று ஆனால் சீழ். உடனே காட்ட வேண்டும்.

கையில் புண் இருக்கும்போது அடுத்த ஊசி போடலாமா

பிள்ளை மற்றபடி நன்றாக இருந்தால் போடலாம், தள்ளிப்போட வேண்டாம். 6, 10, 14 வார ஊசிகள் எதுவும் அந்த இடத்தில் போடுவதில்லை. கக்குவான், தொண்டை அடைப்பான் போன்றவை கைக்குழந்தையைத்தான் கடுமையாகத் தாக்கும். பி.சி.ஜி. புண் ஆறட்டும் என்று மூன்று மாதம் காத்திருந்தால், அவ்வளவு நாளும் பிள்ளைக்குப் பாதுகாப்பு இல்லை.

எங்கே காட்டுவது, என்ன எடுத்துப் போவது

முதலில் உங்கள் கிராம சுகாதார செவிலியர். அவர் பார்த்துவிட்டு ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் அனுப்புவார். தமிழ்நாட்டில் 104-க்குப் போன் செய்தும் யோசனை கேட்கலாம். கடலூர்க்காரர்களுக்கு மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரம், புவனகிரி பக்கம் இருப்பவர்களுக்கு அண்ணாமலைநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகில். புதுச்சேரியில் எல்லைப்பிள்ளைச்சாவடி மருத்துவமனை. நெறி சீழ் பிடித்து ஊசியால் எடுக்க வேண்டுமென்றாலோ, எதிர்ப்புச் சக்திப் பரிசோதனை தேவை என்றாலோ கோரிமேடு ஜிப்மருக்கு அனுப்பக்கூடும். கையில் கடிதம் வாங்கிக்கொண்டு காலையிலேயே கிளம்புங்கள்.

தாய் சேய் நல அட்டை, டிஸ்சார்ஜ் சீட்டு, பிறந்த எடை, இதுவரை எடுத்த எடைக் குறிப்பு, போனில் இருக்கும் வாரப் படங்கள் இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று காலை புண்மேல் எதுவும் தடவாதீர்கள், பவுடர் அப்பியிருந்தால் டாக்டருக்கு அடியில் இருப்பது தெரியாது. இதற்கு முன் என்ன போட்டிருந்தாலும், கடையில் வாங்கிய களிம்பானாலும் வீட்டில் அரைத்ததானாலும், டாக்டர் திட்டுவார் என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ட்யூபோ பாட்டிலோ இருந்தால் அதையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.